மேசை மேல் ஒரு ரயில் எஞ்சின்... பிரிக்கலாமா, வேண்டாமா?

இங்கிலாந்தில் தாத்தா காலத்து வீட்டைக் காலி செய்யும்போது, தோட்டத்துக் கொட்டகையின் மூலையில் பழைய போர்வை மூடிய கனமான பொருள் ஒன்று அகப்படுவது அங்கே அபூர்வமில்லை. போர்வையை விலக்கினால், ஒரு நீராவி ரயில் எஞ்சின். நீளம் இரண்டு அடி இருக்கும். புகைபோக்கி, சக்கரம், பித்தளைக் குழாய் என ஒன்று குறையாது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். பேரப் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி, "இது ஓடுமா?" என்பதுதான்.

ஓடும். நிஜமான நிலக்கரியைப் போட்டு, நிஜமான தண்ணீரைக் கொதிக்கவைத்து, பின்னால் ஒரு சின்ன வண்டியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரையே இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால், 30 வருடமாக மூடிக்கிடந்த எஞ்சினில் இன்றைக்கே தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டலாமா? கூடாது. அதற்கு முன்னால் அதைப் பிரிக்க வேண்டும். கடைசி நட்டு வரை.

இந்தப் பிரிக்கும் வேலையில்தான் சுவாரஸ்யமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

யார் செய்தது இதையெல்லாம்?

கடையில் பெட்டியோடு வாங்கும் பொம்மை ரயில் வேறு, இது வேறு. வீட்டுப் பட்டறையில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அரம், ஊதுகுழல் விளக்கு இவற்றை வைத்துக்கொண்டு, வார இறுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்த எஞ்சின்கள் இவை. ஒன்றை முடிக்கப் பல வருடங்கள் ஆகும். முடிக்காமலே போனவர்களும் உண்டு. இவர்களுக்காகவே 'மாடல் எஞ்சினியர்' என்ற பத்திரிகை 1898-ல் பெர்சிவல் மார்ஷல் என்பவரால் தொடங்கப்பட்டது.

அந்தப் பத்திரிகையில் 'எல்.பி.எஸ்.சி' என்ற புனைபெயரில் பல பத்தாண்டுகள் எழுதியவர்தான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய வாத்தியார். கர்லி லாரன்ஸ் என்று நண்பர்கள் அழைத்த அவர் 1967-ல் காலமானார். குட்டி எஞ்சினில் நிலக்கரி எரியாது, ஸ்பிரிட் விளக்குதான் சரி என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தண்டவாள இடைவெளி வெறும் இரண்டரை அங்குலமே உள்ள 'ஆயிஷா' என்ற தன் எஞ்சினில் நிலக்கரியைப் போட்டு, ஆளை உட்காரவைத்து இழுத்துக் காட்டினார். 1924-ல் நடந்த அந்தப் போட்டியை 'பாய்லர் யுத்தம்' என்றே இன்றும் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அவர் வரைந்து கொடுத்த 'டிச்' என்ற நான்கு சக்கர எஞ்சினை இன்றும் ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டரை, மூன்றரை, ஐந்து, ஏழே கால் அங்குலம் எனத் தண்டவாள இடைவெளியை வைத்துத்தான் இந்த எஞ்சின்களை வகை பிரிப்பார்கள். வீட்டில் அகப்படுவது பெரும்பாலும் மூன்றரை அல்லது ஐந்து அங்குலமாக இருக்கும்.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்

ஏன் உடனே பற்றவைக்கக் கூடாது? நம் வீட்டு பிரஷர் குக்கரை வைத்துக் கணக்குப் போட்டால் எளிதில் புரியும்.

குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றைவிடச் சுமார் 15 பி.எஸ்.ஐ அதிகம். உள்ளே தண்ணீர் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குட்டி எஞ்சினின் பாய்லரோ பொதுவாக 80 முதல் 100 பி.எஸ்.ஐ-யில் வேலை செய்கிறது. 100 பி.எஸ்.ஐ-யில் உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பம் ஏறக்குறைய 170 டிகிரி. அந்தப் பாய்லர் திடீரென்று பிளந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு அந்த நொடியிலேயே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 லிட்டருக்கு மேல் நீராவி! இரண்டு மூன்று லிட்டர் கொள்ளும் பாய்லருக்கு முன்னால் குனிந்து நிலக்கரி போட்டுக்கொண்டிருப்பவரின் முகம் எங்கே இருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

அதனால்தான் பிரிட்டனில் மாடல் எஞ்சின் சங்கங்கள் சோதனைச் சான்றிதழ் இல்லாத எஞ்சினைத் தங்கள் தண்டவாளத்தில் ஏற்றுவதில்லை. "தாத்தா ஓட்டினார், எனக்குத் தெரியும்" என்றெல்லாம் சொல்லி அங்கே நுழைய முடியாது.

முதல் வேலை: ஸ்பேனரைத் தொடாமல் இருப்பது

அனுபவசாலிகள் முதல் நாள் எதையும் கழற்ற மாட்டார்கள். போட்டோ எடுப்பார்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, அடியில், புகைப்பெட்டிக்குள்... செல்போன் வந்த பிறகு இந்த வேலை ரொம்பவே எளிதாகிவிட்டது. எந்தக் குழாய் எந்தக் குழாய்க்கு மேலாகப் போகிறது என்பது பிரிக்கும் நாளில் பளிச்செனத் தெரியும். நான்கு மாதம் கழித்து மாட்டும்போது சத்தியமாக ஞாபகம் இருக்காது.

அடுத்தது டப்பாக்கள். ஐஸ் கட்டி டிரே, மாத்திரைப் பெட்டி, ஜிப் வைத்த கவர் என எதுவானாலும் சரி. ஒவ்வொரு பகுதியின் ஸ்க்ரூவும் அதனதன் டப்பாவுக்குள் போய், மேலே பேர் எழுதப்பட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டவர்கள் பிற்பாடு அழுதிருக்கிறார்கள்.

காரணம், கையால் செய்த எஞ்சினில் இடது பக்கத்து பாகம் வலது பக்கத்தில் சரியாகப் பொருந்தாது. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு இணைப்புக் கம்பிகளுக்கும் தலைமுடி அளவு வித்தியாசம் இருக்கும். எனவே கண்ணில் படாத உட்புறத்தில், இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி எனச் சின்னதாகப் பஞ்ச் அடித்துக்கொள்கிறார்கள்.

பி.ஏ. படித்த ஸ்க்ரூ

இங்கேதான் நம் ஊர் மெக்கானிக் ஒருவர் மாட்டிக்கொள்வார். பழைய பிரிட்டிஷ் மாடல்களில் இருப்பவை நாம் வாங்கும் மெட்ரிக் ஸ்க்ரூக்கள் அல்ல. 'பி.ஏ.' ஸ்க்ரூக்கள்! பட்டப்படிப்பு இல்லை, அறிவியல் வளர்ச்சிக்கான பிரிட்டிஷ் அசோசியேஷன் 1884-ல் பரிந்துரைத்த அளவுமுறை. 0 பி.ஏ. என்றால் 6 மி.மீ. எண் கூடக் கூட ஸ்க்ரூ சிறுத்துக்கொண்டே போகும். 6 பி.ஏ. 2.8 மி.மீ., 8 பி.ஏ. 2.2 மி.மீ. மரையின் கோணமும் வேறு. மெட்ரிக்கில் 60 டிகிரி, இதில் 47.5 டிகிரி.

விஷயம் என்னவென்றால், 6 பி.ஏ. துளைக்குள் 3 மி.மீ. மெட்ரிக் ஸ்க்ரூவை வைத்துத் திருகினால் முதல் சுற்று ஏறுவது போலத்தான் இருக்கும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று அழுத்தினால் அவ்வளவுதான். யாரோ 50 வருடங்களுக்கு முன் பொறுமையாகப் போட்ட மரை சிதைந்துவிடும்.

சரி, ஸ்க்ரூ வரவே மாட்டேன் என்கிறது, அல்லது தலை முறிந்து உடல் உள்ளேயே நின்றுவிட்டது... அப்போது? முதல் வைத்தியம் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருப்பது. இரண்டாவது, மெல்லச் சூடு காட்டுவது. மூன்றாவது வைத்தியம் நம் வீட்டு வாசலிலேயே தொங்குகிறது. படிகாரம்!

ஆமாம், திருஷ்டிக்குக் கட்டும் அதே படிகாரம்தான். பித்தளை அல்லது வெண்கல பாகத்துக்குள் எஃகு ஸ்க்ரூ முறிந்து நின்றால், அந்தப் பாகத்தைச் சூடான படிகாரக் கரைசலில் ஊறப்போடுகிறார்கள். கரைசல் எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், பித்தளையைத் தொடாது. சில மணி நேரமோ, ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகலாம். கறுப்புத் தூளாக ஸ்க்ரூ கழன்று வந்துவிடும். கடிகாரம் ரிப்பேர் செய்பவர்களிடமும் காலங்காலமாக இருக்கும் கைவைத்தியம் இது. வார்ப்பிரும்பு பாகத்துக்கு மட்டும் இதை முயலக் கூடாது. ஸ்க்ரூவோடு சேர்த்துப் பாகமும் கரையும்.

வெள்ளை நூலைக் கண்டால் நிறுத்துங்கள்

ஓட்டுநர் அறை, பக்கவாட்டுத் தண்ணீர்த் தொட்டிகள், நடைமேடைத் தகடுகள் எல்லாம் வந்தாகிவிட்டது. அடுத்து பாய்லரைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகட்டுச் சட்டை. அதைக் கழற்றும் முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

சூடு வெளியே போகாமலிருக்க பாய்லருக்கும் சட்டைக்கும் நடுவில் எதையாவது சுற்றியிருப்பார்கள். மரச்சட்டமோ, கம்பளித் துணியோ இருந்தால் பயமில்லை. ஆனால் சாம்பல் வெள்ளையில், நார் நாராக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டன் கம்பியைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்கும் கயிற்றையும் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் நூலில்தான் திரித்தார்கள். கடையில் உருண்டை உருண்டையாக விற்ற பொருள் அது. யாரும் பயப்படவில்லை.

அதன் நுண்ணிய நார்கள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். பிரிட்டன் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடைசெய்தது. ஆனால் அதற்கு முன் கட்டிய எஞ்சின்களுக்குள் அது இன்னும் இருக்கிறது. பிரித்துப்பார்க்கும் ஆவலில் சுரண்டுவதும், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும், வாயால் ஊதுவதும்தான் இருப்பதிலேயே பெரிய தவறு. சந்தேகம் வந்தால் தொடாமல் மூடிவைத்து, அதற்கென இருக்கும் ஆட்களை அழைத்து, ஈரப்படுத்தி எடுக்கச் சொல்கிறார்கள். அடைப்புக் கயிற்றுக்கு இப்போது கிராஃபைட் நூலும் டெஃப்லானும் வந்துவிட்டன.

நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயே பட்டறை வைத்திருப்பவர்கள் பலர். அது தனியே எழுத வேண்டிய கதை.

ஒரு பக்கம் கட்டு, மறுபக்கம் விடு

பாய்லரைச் சட்டத்திலிருந்து தூக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்பக்கம், புகைப்பெட்டியோடு சேர்த்து இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். பின்பக்கம், அதாவது அடுப்பு இருக்கும் பக்கம், பூட்டே இருக்காது. ஒரு தாங்கியின் மேல் சறுக்கும்படி சும்மா உட்கார்ந்திருக்கும். புதிதாகப் பிரிப்பவர்கள் "இங்கே ஸ்க்ரூ விழுந்துவிட்டது போல" என்று நினைத்துவிடுவார்கள். விழவில்லை. சூடானால் பாய்லர் நீளும். நீள்வதற்கு இடம் வேண்டும். ஊட்டி மலை ரயிலை இழுக்கும் எஞ்சினிலிருந்து மேசை மேல் நிற்கும் குட்டி எஞ்சின் வரை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

புகைப்பெட்டிக்குள் கை விட்டு நீராவிக் குழாய்களின் இணைப்பைக் கழற்றுவதுதான் மொத்த வேலையிலேயே எரிச்சலானது. சாம்பலும் கரியும் பழைய எண்ணெயும் சேர்ந்து தாராக இறுகியிருக்கும். ஸ்பேனரைத் திருப்ப இடமே இருக்காது. இந்த ஒரு நட்டுக்காகவே பாதி ஸ்பேனரை அறுத்துத் தனிச் சாவி செய்துகொள்பவர்கள் உண்டு.

தண்ணீரால் ஒரு பரீட்சை

பாய்லர் தனியே வந்துவிட்டது. செம்புத் தகடுகளை வளைத்து, வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டிய ஒரு பாத்திரம் அது. இனிதான் பரீட்சை.

வால்வு இருந்த துளைகளையெல்லாம் அடைத்து, ஒரு குமிழ்கூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் மெதுவாக அழுத்தம் ஏற்றுகிறார்கள். புது பாய்லர் என்றால், அது வேலை செய்யும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு. ஏற்கெனவே ஓடிய பாய்லருக்கு ஒன்றரை மடங்கு. ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மீட்டர் முள் இறங்குகிறதா? எங்காவது வியர்க்கிறதா? தட்டையான பக்கம் தொப்பை போடுகிறதா?

நீராவிக்குப் பயந்துதானே சோதிக்கிறோம், தண்ணீரில் சோதித்தால் போதுமா என்று கேட்கலாம். போதும். தண்ணீரை அமுக்கினால் அது ஸ்பிரிங் மாதிரி சுருங்காது. அதனால் பாய்லர் பிளந்தாலும், 'சொட்' என்று ஒரு துளி வந்து அழுத்தம் சரேலென்று விழும். வெடிக்காது. அதே இடத்தில் காற்றை அடைத்துச் சோதித்தால் அது வெடிகுண்டு. உள்ளே ஒரு குமிழ்கூட இருக்கக் கூடாது என்பது அதனால்தான்.

தோற்கும் பாய்லர்கள் பெரும்பாலும் சில இடங்களில்தான் தோற்கின்றன. அடுப்புப் பெட்டியின் உள்சுவரையும் வெளிச்சுவரையும் இழுத்துப் பிடிக்கும் ஆணிகளின் முனை ஒன்று. குழாய்களும் தகடும் சேரும் இடம் இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் சூழ்ச்சியானது. செம்புக்கு நடுவே யாராவது சிக்கனம் பார்த்துப் பித்தளையில் ஒரு இணைப்பைப் போட்டிருந்தால், கொதிநீரில் அதிலிருக்கும் துத்தநாகம் வருடக்கணக்கில் கரைந்துபோகும். வெளியே பார்க்கப் பித்தளைதான். உள்ளே கடற்பஞ்சு மாதிரிச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். ஸ்பேனர் வைத்தால் பிஸ்கட்டாக உடையும். தெரிந்தவர்கள் அந்த இடங்களில் வெண்கலம்தான் போடுவார்கள்.

பொடி வைத்து ஊதும் கலை

ஓட்டை கண்டுபிடித்தாயிற்று. அடைக்க வேண்டும். ஈயம் வைத்தால் அந்தச் சூட்டுக்கு இளகிவிடும். வெள்ளி கலந்த பற்றாசு வேண்டும். அது உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். செம்பு, வெப்பத்தை ஒரு மூலையில் கொடுத்தால் மறு மூலைக்குக் கடத்திவிடும் உலோகம். ஆக, ஒரு ஊசிமுனை ஓட்டையை அடைக்க முழு பாய்லரையுமே செக்கச்சிவக்கச் சுட வேண்டும். சுடும்போது, ஏற்கெனவே நன்றாக இருக்கும் பழைய ஒட்டு இளகி விட்டுக்கொடுத்துவிட்டால்? ஒரு ஓட்டை நான்காகும். நல்ல கைக்காரர்களே இந்த இடத்தில் பாய்லரை வேறொருவரிடம் அனுப்பிவிடுகிறார்கள். சிலர் முழுதாகப் புது பாய்லரே செய்யக் கொடுக்கிறார்கள். எஞ்சினில் அதிகம் செலவு வைக்கும் ஒற்றைப் பாகம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வேலையை நம் ஊர் பொற்கொல்லர்கள் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒட்டும் இடத்தில் வெங்காரம் போன்ற பொடியை வைத்து, பற்றாசை வைத்து, ஊதுவது. 'பொடி வைத்து ஊதறான்' என்று நாம் சொல்வதே அந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான். ஒட்டி முடித்ததும் கறுத்துப்போன செம்பை சிட்ரிக் ஆசிட் கரைசலில் போட்டுப் பளபளக்க வைக்கிறார்கள். பாட்டி புளி போட்டுச் செப்புக்குடம் தேய்த்ததற்கும் இதற்கும் ரசாயனத்தில் பெரிய வித்தியாசமில்லை. பழைய காலப் பற்றாசுகளில் காட்மியம் இருந்தது. அதன் புகை விஷம். டப்பாவில் மிச்சமிருக்கும் தாத்தா காலத்துக் கம்பியை மட்டும் ஆசைப்பட்டு எடுத்துவிடக் கூடாது.

'சுக் சுக் சுக்'... நான்காவது எங்கே?

பாய்லர் பட்டறைக்குப் போயிருக்கும் இடைவெளியில் கீழ்பாகத்தைப் பார்க்கலாம். சிலிண்டர், பிஸ்டன், வால்வுகள், சக்கரங்கள்.

சிலிண்டர் மூடியைத் திறந்ததுமே அந்த எஞ்சினின் ஜாதகம் தெரிந்துவிடும். கடைசியாக ஓட்டியவர் எண்ணெய் விட்டு மூடியிருந்தால், பழுப்புப் பிசின் மாதிரி ஒரு படலம் இருக்கும், கழுவினால் போய்விடும். ஈரத்தோடு அப்படியே நிறுத்தியிருந்தால் வார்ப்பிரும்பு சிலிண்டர் துருவேறி, பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொண்டிருக்கும். சுத்தியலால் தட்டித் தள்ள நினைப்பவர்கள் பிஸ்டன் கம்பியை வளைத்துவிடுகிறார்கள்.

சக்கரத்தை அச்சிலிருந்து கழற்ற வேண்டிய அவசியம் அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும் பத்து முறை யோசிப்பார்கள். ஒரு பக்கத்து கிராங்க்குக்கும் மறுபக்கத்து கிராங்க்குக்கும் சரியாக 90 டிகிரி இடைவெளி இருக்க வேண்டும். எல்லா அச்சுகளிலும் அது ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு சக்கரம் இம்மி நகர்ந்தால் இணைப்புக் கம்பிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், எஞ்சின் நொண்டும்.

வால்வை அசைக்கும் வட்டுகளும் அப்படித்தான். அச்சின் மேல் ஒரு சின்ன ஸ்க்ரூவால் பிடித்திருக்கும் அவற்றைத் தளர்த்தும் முன், அச்சில் ஒரு கீறல் போட்டுவைக்கிறார்கள். நீராவி எப்போது சிலிண்டருக்குள் நுழைய வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பது அந்தக் கீறலில்தான் இருக்கிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு 'சுக்' கேட்க வேண்டும், சம இடைவெளியில். 'சுக்-சுக்... சுக்... சுக்-சுக்' என்று தாளம் தப்பினால் கீறலைக் கவனிக்காமல் மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டே காதால் கண்டுபிடித்துவிடுவார்கள் பழைய ஆட்கள்.

பிரிக்காமல் விடலாமா?

இவ்வளவும் படித்தவர்களுக்குத் தோன்றும் கேள்வி, இதை அப்படியே ஷோகேஸில் வைத்துவிடலாமே என்பது. தாராளமாக. ஓட்டப்போவதில்லை என்றால் பிரிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனால் உள்ளே தண்ணீர் இல்லாமல் வடித்து, எண்ணெய் போட்டு வைக்க வேண்டும். பெயின்ட்டை மட்டும் அவசரப்பட்டுச் சுரண்ட வேண்டாம். உரிந்துபோன அந்தப் பழைய பச்சையும், கையால் இழுத்த கோடும் செய்தவரின் கையெழுத்து. புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். பழையதைத் திரும்ப அடிக்க முடியாது.

பெரிய எஞ்சின்களின் உலகத்தில் இரண்டும் நடக்கிறது. 1855-ல் செய்யப்பட்ட இந்தியாவின் 'எக்ஸ்பிரஸ்' என்ற நீராவி எஞ்சின் பல்லாண்டுகள் ஓடாத காட்சிப்பொருளாக நின்றிருந்தது. 2010-ல் சென்னை பெரம்பூர் லோகோ பட்டறையில் அதை உயிர்ப்பித்து ஓட வைத்தார்கள். ஊட்டி மலை ரயிலின் சுவிட்சர்லாந்து எஞ்சின்களைப் பிரித்து மேய்ந்த அனுபவத்தில்தான் திருச்சி பொன்மலைப் பட்டறை 2011-ல் தொடங்கி அதே வகையில் புது எஞ்சின்களைக் கட்டியது. பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகள் இருந்ததால் நடந்தவை அவை.

முதல் புகை

எல்லாம் மாட்டி முடிந்ததும் நேராக நெருப்பு வைப்பதில்லை. முதலில் சிலிண்டர்களுக்கு மட்டும் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்து, சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்துச் சுழலவிடுகிறார்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறகு ஒரு நல்ல நாளில் மண்ணெண்ணெயில் ஊறிய மரக்கரித் துண்டுகள், புகைபோக்கி மேல் ஒரு குட்டி மின்விசிறி, நிலக்கரி. சில நிமிடங்களில் மீட்டர் முள் மெல்ல எழும். சோதனை அதிகாரி பக்கத்திலேயே நிற்பார். நெருப்பை நன்றாக எரியவிட்டு, நீராவியைச் செலவழிக்காமல் அழுத்தத்தை ஏறவிடுவார்கள். குக்கர் வெயிட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான். குறித்த அளவு வந்ததும் சேஃப்டி வால்வு 'புஸ்' என்று திறக்க வேண்டும். திறந்த பிறகும் அழுத்தம் ஏறினால், குறித்த அளவைவிடப் பத்து சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வால்வு அந்த பாய்லருக்குப் போதாது. நெருப்பை அணைத்துவிட்டு, மறுபடியும் ஸ்பேனர்.

தாண்டவில்லை என்றால் அதிகாரி தாளில் கையெழுத்துப் போடுவார். பின்னால் வண்டியைக் கோத்து, காலை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டு உட்கார வேண்டியதுதான். நிலக்கரி போடக் கரண்டி எங்கே என்று தேடினால், அது பெரும்பாலும் ஒரு டீஸ்பூனைவிடச் சற்றே பெரியதாக இருக்கும்.